கழுவாத காந்தம்

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் நான் சொல்லாதது: உடன் வேலை செய்யும் சரவணனின் வளையம் என் கையில் மூடவில்லை.

இரும்பு அணைவுச் சேர்மத்தை வினையூக்கியாக வைத்து, ஒரு நீண்ட மூலக்கூறின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்குகிறார். வழக்கமாக இதற்குப் போடும் விலை உயர்ந்த பல்லேடியம் தேவையில்லை. கட்டுரையின் பெருமையே அதுதான். அனுப்புமுன் வேறொருவர் செய்து பார்க்கட்டும் என்று பேராசிரியர் (பே.) என்னிடம் கொடுத்திருந்தார். இரண்டு முறை செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் பே. கேட்டதற்கு, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன்.

வாங்க: ஷாம்பு, அம்மாவின் மாத்திரை.

நவ. 11, செவ்வாய்

எனக்கும் அவருக்கும் வித்தியாசம், குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தத் துண்டு. அதுதான்.

எல்லோரும் அதை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவோம். சரவணன் மட்டும் தன்னுடையதைத் தரமாட்டார். முதன்முதலில் வளையம் மூடியபோது உள்ளே கிடந்தது, ராசியானதாம்.

"அமிலத்துல போட்டா ராசி போயிடும்ங்க. என் குலதெய்வம் அது."

ஆய்வகமே சிரிக்கும். நானும்.

அதன் வெள்ளை உறை சாம்பல் நிறமாகியிருக்கிறது. அவருக்கு முன் அதை வைத்திருந்தவள் நான். அப்போது பல்லேடியத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

இன்று அவர் விடுப்பு. தெம்பனிஸில் வாடகை அறை பார்க்கப் போயிருந்தார். அவருடைய காந்தத்தைப் போட்டு, இரும்பே சேர்க்காமல் செய்தேன். மாலைக்குள் வளையம் மூடிவிட்டது.

மாத்திரை வாங்க மறந்தேன்.

நவ. 12, புதன்

மதியம் தேக்கா உணவங்காடி. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டது சரவணன். அறை கிடைத்துவிட்டது. கட்டுரை போனால் பே. அடுத்த வருடத்துக்கும் வேலை தருவார்; ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் டிசம்பரோடு சரி.

"என்ன லா, டல்லா லா இருக்கீங்க?"

சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வை எங்கே போடுவதென்று இன்னும் பிடிபடவில்லை அவருக்கு.

பக்கத்து மேசையில் ஒரு கட்டுமான ஊழியர், தொலைபேசியில்: "நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

சொல்லிவிட்டேன். காந்தம், அதில் ஒட்டியிருந்த பல்லேடியம், இரும்பில்லாமல் மூடிய வளையம். தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. ப்ரொஃபசர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"பாக்கறேங்க."

திரும்பும்போது பேருந்தில் மகளின் படம் காட்டினார். முன்பல் இரண்டும் இல்லை.

நவ. 13, வியாழன்

வெயில். அவர் மேசையில் காந்தம் உலர்ந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம் ஏறக்குறையப் போய்விட்டது.

"பல்லேடியம் ஒட்டியிருக்குன்னு நீங்க சொன்னீங்கல்ல, கழுவிட்டேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் போட்டு மறுபடி செய்தும் பார்க்கவில்லை.

பே. அறைக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் பேராசிரியரே பேசிவிட்டார்: என் கையிலும் வளையம் மூடியதாகச் சரவணன் சொன்னாராம், மிக்க மகிழ்ச்சி என்றார். அது பொய்யில்லை. வாசலில் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

மதியம் கட்டுரை போய்விட்டது. இரண்டாவது பெயர் என்னுடையது.