ரூபாய்க்கு ரூபாய்

எஸ்டேட் லயம், பண்டாரவளை, இலங்கை
2-8-1966

அன்புள்ள சுடலைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே பேச்சியம்மாவும் பிள்ளைகளும் சுகமென்று நினைக்கிறேன். உன் ஆத்தாவுக்கு இருமல் விட்டுவிட்டது. வாயும் பழையபடி ஓடுகிறது. அவளுக்கு மாதம் இருபது ரூபாயை ஒன்றாம் தேதியே கையில் கொடுத்துவிடுகிறேன். நீயும் குன்னூரில் தங்கிப் படிக்கிற என் மகள் வேணியின் ஹாஸ்டலுக்கு இருபது கட்டி வருகிறாய். மூன்று வருடமாகக் கடல் தாண்டாமலே நம் பணம் சேர வேண்டிய இடத்தில் சேர்கிறது.

இப்போது ஒரு விஷயம். ஜூன் மாதம் உங்கள் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டதாமே. கணக்கப்பிள்ளை பேப்பர் பார்த்துச் சொன்னார். வெள்ளைக்காரன் நாளில் இந்திய ரூபாய்தான் இங்கேயும் ஓடியதாம், அதைத்தான் நூறு சதமாகப் பிரித்து இலங்கை ரூபாய் ஆக்கினார்களாம். 49இல் பவுண்டு விழுந்தபோதுகூட இரண்டு ரூபாயும் சேர்ந்தே விழுந்தனவாம். இப்போது பிரிந்துவிட்டன. எங்கள் நூறு, உங்கள் நூற்று ஐம்பத்தேழரை. அப்படியானால் என் இருபதுக்கு நீ முப்பத்தொன்றரை கட்ட வேண்டும். ஹாஸ்டலில் ஆறு ரூபாய் ஏற்றிவிட்டார்கள் என்று வேணி அழுது எழுதியிருக்கிறாள். இந்த மாதத்திலிருந்தே கட்டிவிடு.

உன் இசக்கிமுத்து


குன்னூர்
27-8-1966

அன்புள்ள இசக்கிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஆத்திரம்தான் வந்தது. அது அடங்கட்டும் என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

அரசாங்கம் ரூபாயைத்தான் குறைத்தது, என் சம்பளத்தைக் கூட்டவில்லை. தேயிலை ஃபேக்டரியில் அதே இலையைத்தான் வாட்டுகிறேன், அதே எழுபத்தைந்து ரூபாய்தான் வாங்குகிறேன். அரிசி விலை ஏறிவிட்டது. இன்னும் பதினொன்றரை ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?

ஹாஸ்டல் வார்டன் ஜெஸிந்தா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் விறகு பிளந்து தருகிறேன், ஏற்றிய ஆறு ரூபாயைத் தள்ளுங்கள் என்று கேட்டேன். "சரிங்க, படிக்கற புள்ளைய வெளிய நிறுத்த எனக்கும் மனசில்லீங்க" என்றார். வேணிக்கு இனி ஒரு குறையும் இல்லை.

நான் இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று லயத்து வீட்டு வாசலில் நீயும் நானும் கைமேல் அடித்துப் பேசியது ரூபாய்க்கு ரூபாய். அதில் பவுண்டும் டாலரும் எங்கே வந்தன?

சுடலைமுத்து


பண்டாரவளை
1-10-1966

சுடலைமுத்துவுக்கு,

என் மகள் படிக்கிற இடத்தில் நீ விறகு பிளக்கிறாய். ரொம்ப நன்றி. கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அப்பன் இங்கே முழுசாகக் கொடுக்கிறேன், மகள் அங்கே தர்மச் சோறு தின்ன வேண்டுமா?

நானும் கணக்குப் போட்டுவிட்டேன். நீ அங்கே கட்டுகிற இருபது, இங்கே பன்னிரண்டு ரூபாய் எழுபது சதம். இந்த மாதம் முதல் ஆத்தாவுக்கு அவ்வளவுதான். முப்பத்தொன்றரை கட்டிய ரசீதை அனுப்பு, மறுநாளே பழையபடி இருபது கொடுக்கிறேன்.

இசக்கிமுத்து


குன்னூர்
30-10-1966

இசக்கிமுத்து,

மண் சரிந்து மலை ரயில் நின்றதால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வராமலே போயிருக்கலாம்.

சண்டை உனக்கும் எனக்கும். ஆத்தாவின் தட்டில் ஏன் கை வைத்தாய்? அங்கே அரிசிக்கடைக்காரன் அவளுக்கு இந்திய ரூபாய்க்கா அளந்து போடுகிறான்? கொழுந்து கிள்ள முடியாமல் வேலையை விட்டவள், அந்த இருபதை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? நானே அனுப்பலாமென்று தபாலாபீஸில் கேட்டேன். அதற்கு அனுமதி வேண்டுமாம், அது கிடைக்கிற வழி எனக்குத் தெரியவில்லை. கையில் வசதி இருக்கிற நீ இப்படிச் செய்கிறாய். வெட்கமாக இல்லையா?

அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என் கடிதத்தையெல்லாம் நீதான் வாசித்துக் காட்டுவாய். இந்த ஒரு வரியையாவது வாசி: ஆத்தா, நான் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை.

சுடலைமுத்து


பண்டாரவளை
3-12-1967

அன்புள்ள சுடலைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். போன மாதம் இருபத்தாறாம் தேதி ஆத்தா போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல். உடம்பில் சத்தே இல்லை என்று எஸ்டேட் டாக்டர் சொன்னார். நீ இருந்து செய்ய வேண்டியதை நான் செய்தேன், கொள்ளியும் நானே வைத்தேன்.

ஒரு வருடமாக எழுதாமல் இருந்தது வீம்புதான். அவள் படுத்த அந்த வாரம்தான் எங்கள் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். உன் இருபது இப்போது பதினைந்து ரூபாய் எண்பத்தேழு சதம். டிசம்பரிலிருந்து அதைக் கொடுக்கலாமென்று இருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் ஏன் குறைந்தது என்று அவள் கேட்டாள். "ஒன் மகன் தாரது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. அவள் திட்டவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. "அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள்.

என்னை மன்னித்துவிடு.

இசக்கி


குன்னூர்
29-12-1967

இசக்கிமுத்து,

கொள்ளி வைத்ததற்கு நன்றி. நன்றி சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

வேணி எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை இருபது ரூபாய் கட்டுவேன், விறகும் பிளப்பேன். எந்த ரூபாயிலும் நீ எனக்கு ஒன்றும் தர வேண்டாம். ஆத்தா காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்வதும் மறைப்பதும் உன் பாடு. அவளைக் கூட்டிப்போக வரும்போது ஹாஸ்டலோடு திரும்பிவிடு, என் வீட்டுப் பக்கம் வராதே. இனி கடிதமும் வேண்டாம். வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

என் பிள்ளைகளுக்காக நான் அவள் வயிற்றில் அடித்தேன் என்று நம்பி, அதையும் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் குறைக்கவில்லை என்று இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

சுடலைமுத்து