எந்த ஊர் என்று கேட்டவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்து எதையாவது கற்பனை செய்வீர்கள் என்பதால் எழுதி வாட்சப்பில் அனுப்புகிறேன்.

மெல்பேர்னில் குளிர் தொடங்கிவிட்டது. இணையத்தில் சூதாடுபவர்கள் நேர்மையாகச் சூதாடுகிறார்களா என்று பார்க்கும் என் உத்தியோகம் நன்றாகப் போகிறது. சென்ற வாரம் கிரெய்கிபர்னில் ஒருவர் பதினொரு முதியவர்களின் பெயரில் கணக்கு வைத்திருந்ததைக் கண்டுபிடித்து முடக்கினேன். விசாரிக்கப் போனில் அழைத்தபோது என் ஆங்கிலத்தைக் கேட்டே நான் யார் என்று பிடித்துவிட்டார்.

“பிள்ளை தமிழோ? எந்த ஊர்? ஆற்ற மகள்?”

வாடிக்கையாளரிடம் முழுப் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று கம்பெனி இரண்டு நாள் பயிற்சி தந்திருந்தது. நீங்கள் இருபது வருடம் தந்த பயிற்சி முந்திக்கொண்டது. மரியாதையாக ஊரையும் உங்கள் பெயரையும் சொல்லிவிட்டேன்.

“ஓ, உடுப்பிட்டி மகேந்திரராஜா மாஸ்டரோ! தங்கமான மனிசன். இப்ப தனியத்தானே இருக்கிறார்? என்ர மருமகன் அங்கதான் நிக்கிறான், ஒருக்காப் போய்ப் பாக்கச் சொல்லுறன். நீங்கள் கணக்கைத் திறந்து விடுங்கோ, பிள்ளை.”

வெறும் சுகம் விசாரிப்புத்தான். ஆனாலும் என் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் கேற்றைத் திறக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு ‘ஓம்’ மட்டும் அனுப்புங்கள். கொழும்பில் சித்தி உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.

அவசரம் ஒன்றுமில்லை. அவரைப் பற்றிய அறிக்கையை வெள்ளிக்கிழமைதான் பொலிசுக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை பஸ் ஏறினால் போதும்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

மகள்
தாட்சாயினி