உன் ரத்தத்தில் விழாத கோடு

இன்றைக்குப் புரதக் கரைசலில் கலக்கும் ரசாயனம் கையில் பட்டுவிட்டது. மூன்று தடவை சோப்பு போட்டும் அழுகிய முட்டை வாடை போகவில்லை. நம் பெர்மாஸ் ஜெயா வீட்டுக்குள் நான் நுழையும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, "அலமாக், குளிச்சிட்டு வந்து பேசுடி" என்று விரட்ட நீ இல்லை. ஒரே வாடகை வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். இப்போது அந்த வாடையோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெக்கோக்கில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடம் போய், பிறகு நீ சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு, நான் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு. "அப்படி என்னதான் பாக்கற தெனமும்?" என்பாய். எலும்பு மஜ்ஜையில் ஒரு தாய்ச் செல் சிவப்பணு ஆவதா வெள்ளணு ஆவதா என்பதற்குச் செய்தி வரும். ஒரு புரதத்தின் மேல் ஒரு நொதி பாஸ்பேட்டை ஒட்ட ஒட்டத்தான் அந்தச் செய்தி உள்ளே போகும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேறு நொதிகள் உண்டு என்று விளக்குவேன். நீ கொட்டாவி விடுவாய். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு கவனமாகக் கேட்டாய். உன் செல்களில் ஒட்டுகிற நொதி ஓயாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது, வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகின. தினம் ஒரு மாத்திரை அந்த நொதியை அடக்கி வைத்தது. நன்றாகத்தான் இருந்தாய்.

அந்த மாத்திரையால் வந்த கால் குடைச்சல்தான் உன்னைப் படுத்தியது. சிங்கப்பூர் எல்லைப் பாலத்துக்கு பஸ் பிடிக்க வரிசையில் நிற்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் கையை நீட்டினாய். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் லீவு போயிடும் லா. நீயே ரத்தம் எடுத்துப் பாத்து சொல்லேன், மருந்து வேலை செய்யுதான்னு."

செய்திருக்கக் கூடாது. அதற்கு அனுமதி வேண்டும், நான் மருத்துவரும் இல்லை. பெருமைதான், வேறென்ன. ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பாஸ்பேட் ஒட்டியிருந்தால் சோதனைப் படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். உன் படத்தில் கோடே இல்லை. ஆய்வகத்திலிருந்தே உனக்குப் போன் செய்தேன். "சுத்தம்டி, ஒண்ணுமே இல்ல." நீ போனிலேயே அழுதாய்.

அதே வாரம் வியாழக்கிழமை, கோடு விழுந்தே ஆக வேண்டிய வேறு ஆய்வகச் செல்களிலும் கோடு விழவில்லை. செல்லை உடைத்ததும், கழற்றுகிற நொதிகள் இருக்கிற பாஸ்பேட்டையெல்லாம் பிய்த்துப் போட்டுவிடும். அதைத் தடுக்கும் ரசாயனத்தைக் கரைசலில் கலக்க வேண்டும். குளிர்பெட்டியில் அந்தக் குப்பி மூடி திறக்காமல் கிடந்தது. அந்த வாரக் கரைசலைத் தயாரித்தவள் நான்தான். உன் ரத்தம் சுத்தமா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். நீ மீன் குழம்பு வைத்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாய். அடுத்த மாதம் எப்படியும் ஆஸ்பத்திரியில் பார்க்கத்தானே போகிறார்கள், நானாக ஏன் மானத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

என் பேச்சை நம்பி நீ அந்த வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்பதும், ஆஸ்பத்திரித் தவணைக்குப் போகவில்லை என்பதும், காய்ச்சலோடு நீ குளியலறையில் விழுந்த அன்றுதான் தெரிந்தது. முதிராத செல்கள் ரத்தம் முழுக்க நிறைந்துவிட்டன என்றார் மருத்துவர். மறுபடி கொடுத்த மாத்திரைக்கு நோய் அடங்கவில்லை.

கடைசி வாரம் உன் உதடு வெடித்திருந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "மாத்திரைய நிறுத்துனது என் தப்புதான். ஆனா அன்னிக்கு உன் டெஸ்ட்ல சுத்தமாத்தானே இருந்துச்சு? அதுக்கப்புறம்தானே வந்துச்சு?" உன் அம்மா பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.

நீ என் கையைத் தட்டிக்கொடுத்தாய். "நீ என்னடி செய்வ, அழாத."

அந்த 'ஆமா' பொய் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெக்கோக்கிலிருந்து எனக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்புகிறார். "எம் மகளுக்கு எவ்ளோ செஞ்ச நீ" என்று போனில் அழுகிறார். நான் வாங்கிக்கொள்கிறேன். உட்கார்ந்து தின்கிறேன்.