இசக்கியின் இலவச லைப்ரரி

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கூரை ஷீட்டின் ஓட்டைக்குத் தார் அடைக்க வேண்டியது. அடைக்கவில்லை. அதற்குள் மானம் போயிற்று.

கீழே சந்தில் செல்லையா அண்ணாச்சியின் குரல். எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர். "ஏ சுடலை, எறங்கி வாடே. ஒரு கை புடி." எட்டிப் பார்த்தேன். கைவண்டி. வண்டியில் மூன்று சாக்கு. சாக்கு நிறையப் பழைய புத்தகம். அதன் மேல் தார்ப்பாய். அண்ணாச்சி தலையில் பிளாஸ்டிக் பை.

தப்பு என்னுடையதுதான். போன கூட்டத்தில் படிப்பகம் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. நான் வாயைக் கொடுத்தேன். "எம் மகளே லைப்ரரி நடத்துதா அண்ணாச்சி. எல்லாம் ஓசி. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளு வருது." இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. இசக்கி போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. லைப்ரரி என்றாள், ஃப்ரீ என்றாள், யூசர்ஸ் என்றாள். எந்த இடத்தில் நடத்துகிறாள் என்று யோசிக்கத்தான் விட்டுப்போயிற்று. எங்களுக்கு இருப்பது இரும்பு ஏணி ஏறிப் போகிற ஒரே மாடி அறை. அதில் நாங்கள் மூன்று பேர், ஒரு ஃப்ரிட்ஜ்.

"ரூம் எங்கடே?" என்றார் அண்ணாச்சி, மேலும் கீழும் பார்த்து.

இசக்கி ஏணி உச்சியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "அரே அப்பா! அது புஸ்தக லைப்ரரி இல்லப்பா. கோட். கோட் லைப்ரரி."

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. "கோர்ட்டா? என்னம்மா கேஸு?"

வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப முடியுமா, அதுவும் அந்த மழையில். சாக்குகள் இப்போது கட்டிலடியில். பிரித்துப் பார்த்ததில்:

பத்தாம் வகுப்பு கணக்கு கைடு, பழைய பாடத்திட்டம்.
பஞ்சாங்கம், எல்லாம் முடிந்துபோன வருஷங்கள்.
டைப்ரைட்டிங் பழகும் புத்தகம்.
யாருடையதோ கல்யாணப் பத்திரிகைக் கட்டு. கொடுக்க மறந்துவிட்டார்கள் போல. கல்யாணம் நடந்ததா?

என் வீட்டுக்காரி சொர்ணம் சொன்னது: "வெளிய பேசுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்த கேட்டா என்ன?"

தார் நாளைக்கு.

ஜூலை 7, திங்கள்

மழை. பட்டறையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஸ்கூல் பை ஆர்டர், பாதி தைத்துக் கிடக்கிறது. சீக்கிரம் வந்துவிட்டேன். இசக்கியும் காட்கோபர் ஆபீஸுக்குப் போகவில்லை, தண்டவாளத்தில் தண்ணீர்.

சரி, இன்றைக்காவது கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன். ஒன்பதாவதோடு பட்டறைக்குப் போனவன், அதற்குத் தக்கபடி சொல் என்றேன்.

"அப்பா, நீங்க பை தைக்கிறீங்க. ஜிப் நீங்களா செய்றீங்க?"

"ஜிப்ப எவன் செய்வான்? ரோல் ரோலா வாங்கி வெட்டி வச்சுத் தைப்போம்."

"அதேதான். புரோகிராம் எழுதுறவங்க எல்லாத்தையும் அவங்களே எழுத மாட்டாங்க. ரெடியா இருக்கிற துண்ட எடுத்து வச்சுத் தைப்பாங்க. அந்தத் துண்டுக்குப் பேருதான் லைப்ரரி. என்னோடது ஃபைலச் சின்னதாக்குற துண்டு."

இது புரிந்தது. சந்தோஷம். அதோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"ஜிப்ப எந்தக் கடைக்காரனும் ஓசில தர மாட்டானே தாயி?"

"நான் படிச்சதெல்லாம் மத்தவங்க ஓசில வச்ச கோட பாத்துத்தான். நானும் ஒண்ணு வச்சேன். பஸ், அவ்ளோதான்."

அடுத்த சந்தேகம். ஃபைலை அமுக்கினால் உள்ளே இருப்பது நசுங்காதா? ரஜாய்ப் போர்வையை அமுக்கிப் பையில் திணித்தால் காற்று போகிறது, அதனால் சிறிசாகிறது. இவள் ஃபைலில் என்ன போகிறது?

"ஒண்ணும் போகாது. ஒரு புள்ளி கூட. பிரிச்சா அப்படியே வரும். அதான் லாஸ்லெஸ்."

"ஒண்ணும் போகாம எப்படிம்மா சின்னதாகும்?"

லோக்கல் டிரெய்னை வைத்துச் சொன்னாள். வண்டியில் சொல்கிறான் அல்லவா, மராத்தியில் ஒரு தடவை குர்லா, இந்தியில் ஒரு தடவை குர்லா, இங்கிலீஷில் ஒரு தடவை குர்லா. எழுதும்போது குர்லாவை ஒரு தடவை எழுதினால் போதும். மற்ற இடத்தில் 'முன்னே சொன்ன அதே' என்று சின்னக் குறி. பிரிக்கும்போது குறி இருக்கும் இடத்திலெல்லாம் குர்லாவைப் போட்டுவிடும். இடம் மிச்சம், குர்லாவும் பத்திரம்.

தலையாட்டினேன். குர்லா புரிந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது மறுபடி புரியவில்லை.

இன்னொன்று. ஆபீஸில் இவளுக்கு இஷா என்று பெயராம். இசக்கியம்மாளை அமுக்கியிருக்கிறார்கள். இஷாவைப் பிரித்தால் இசக்கியம்மாள் வருமா? எங்கம்மா பெயர் அது. கேட்டேன். "அது வராதுப்பா" என்றாள், லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல்.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. தார் வாங்கினேன். டப்பா திறக்கவில்லை.

வீட்டில் பெரிய விஷயம். பெங்களூர் கம்பெனி ஒன்று இசக்கிக்கு வேலை தருகிறதாம். அவள் லைப்ரரியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம். இங்கே வீட்டிலிருந்தே செய்யலாம். சம்பளம் இப்போது வாங்குவதைவிட ரொம்ப மேலே. வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

நான் ஸ்வீட் வாங்கச் செருப்பை மாட்டினேன். "இருங்கப்பா" என்றாள்.

கம்பெனி அனுப்பிய பேப்பரில் ஒரு வரி இருக்கிறது. வேலையில் சேர்ந்தால் அவள் வெளியே எந்தக் கோடும் எழுதக் கூடாது. லைப்ரரியைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூட. சொந்த லேப்டாப்பில் கூட. அந்த வரியை எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாளாம். முடியாதாம்.

எனக்குக் குழப்பம். லைப்ரரி நன்றாக இருக்கிறது என்று கூப்பிடுகிறவன் லைப்ரரியைத் தொடாதே என்கிறான். நல்லா சமைக்கிறாள் என்று பெண் எடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போகாதே என்பது மாதிரி. அல்லது அது மாதிரி இல்லையோ என்னவோ.

"கொடுத்தத திருப்பி வாங்கிக்குவானா?"

"வாங்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான். ஆனா அதுல ஏதாவது தப்பு வந்தா நான் சரி பண்ண முடியாது. வேற யாரும் இப்போ பாக்குறதில்ல. நான் மட்டும்தான்."

சொர்ணத்துக்குக் குழப்பமே இல்லை. "கையெழுத்துப் போட வேண்டியதுதான? ஓசில கொடுக்குறத நிறுத்துன்னா நோகுதாக்கும்?"

"உனக்குப் புரியாதும்மா."

அவ்வளவுதான். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஸ்வீட் வாங்கவில்லை.

ஜூலை 9, புதன்

ம. (மழை. இனி டைரியையும் அமுக்கி எழுதிப் பார்க்கலாம் என்று. ம. = மழை. த. = தார் அடைக்கவில்லை.)

ம. த.

அறைக்கு இந்தப் பக்கம் சொர்ணம், அந்தப் பக்கம் இசக்கி, நடுவில் தபால்காரன் நான். ஒருத்தி சொல்வது அடுத்தவளுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொன்னதாகக் கணக்கில்லை.

சொர்ணம், அடுப்படியிலிருந்து: "கேளுங்க அவகிட்ட. ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் ஒழைக்காளே, அவனுவள்ல எவனாவது வந்து நமக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிக் கொடுத்தானா? ரெண்டு வருஷமா லீவு நாளுல ஒரு சினிமா உண்டா, ஒரு கோயில் உண்டா? கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்து கெடக்கு. அத யாரு பாக்கா?"

நான் இசக்கியிடம்: "அம்மா யோசிக்கச் சொல்லுதா."

இசக்கி என்னையே பார்த்தாள். "அப்பா, நீங்க சரியான லாஸி."

"லஸ்ஸியா? இந்த மழையிலயா?"

சிரித்துவிட்டாள். அவள் அம்மா முதுகும் குலுங்கியது, பார்த்தேன். லாஸி என்றால் சிறிசாக்கும்போது கொஞ்சத்தைத் தூக்கி எறிந்துவிடுவதாம். போனில் அனுப்பும் போட்டோ அப்படித்தானாம். யாருக்கும் தெரியாது என்று நினைக்கும் இடத்தை எறிந்துவிடுமாம்.

"அம்மா எவ்ளோ சொன்னா, நீங்க ரெண்டு வார்த்த கொண்டு வந்தீங்க. கண்ணுக்குக் கீழ கருப்புன்னு சொன்னாளே, அது எங்க?"

சொர்ணம் சுவரைப் பார்த்து: "அத எடுத்துச் சொல்ல துப்பில்ல."

எறிந்தால்தான் சண்டை வராது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எதை எறியலாம் எதை எறியக் கூடாது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நா. கு. வ.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுதிய 'நா. கு. வ.' என்னவென்று தெரியவில்லை. நாளைக்குக் குக்கர் வாஷர்? நாலு மணிக்குக் குர்லா வண்டி? டைரி அமுக்குவதை இத்தோடு விட்டேன்.

காலையில் இசக்கி செருப்புப் போட்ட காலோடு லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸ் நேரம் தாண்டியது. என்ன என்றேன். எங்கோ ஒரு நாட்டில் ஒரு வாத்தியார். ஊரில் நெட் கிடையாது. பிள்ளைகளுக்கான பாடம் முழுவதையும் இவள் லைப்ரரி வைத்துச் சின்னதாக்கி ஒரு மெமரி கார்டில் எடுத்துப் போகிறார். போனவர் பிரிக்கிறார், திறக்கவில்லை. நெட் உள்ள இடத்துக்கு வந்து எழுதியிருக்கிறார்.

"போச்சா எல்லாம்?"

"போகலப்பா. உள்ளதான் இருக்கு. திறக்கிற பக்கம் நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்."

தோசை ஆறியது. சொர்ணம் அதை எடுத்துவிட்டுச் சூடாக வேறு வைத்தாள். அதுவும் ஆறியது. திடீரென்று இசக்கி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். சரி செய்து அனுப்பிவிட்டாள். ஆபீஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் பதில் வந்திருந்தது. இங்கிலீஷ். படித்துத் தமிழில் சொன்னாள். 'திறந்துவிட்டது. எல்லாம் இருக்கிறது. எதுவும் குறையவில்லை.' அவ்வளவுதான். அதை நாலைந்து தடவை படித்தாள். முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட இந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த வாத்தியார் யார், எந்த ஊர், கறுப்பா சிவப்பா, ஒன்றும் தெரியாது. முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

இதை எழுதும்போதே சத்தம். சொர்ணம், தண்ணீர் வாளியோடு ஏணியில். ஈரம். வழுக்கிவிட்டது. கடைசிப் படிகள்தான், ஆனால் அடிபட்டது ஏற்கெனவே வலி இருக்கிற முழங்கால். நானும் இசக்கியும் இரண்டு பக்கம் பிடித்து மேலே கொண்டுவந்தோம்.

பிறகு.

எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வீக்கம் இருக்கும், ஏணி ஏறி இறங்கக் கூடாது. "டாக்டர் வந்து தண்ணி புடிச்சுத் தருவாரா" என்று சொர்ணம். இசக்கி சிரிக்கவில்லை. ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். ஆச்சரியம். தார் அடைத்தேன், கடைசியில். முழங்கை வரை கறுப்பு.

கூரையில் இருக்கும்போது கீழே இசக்கி போனில் பேசியது கேட்டது. இந்தியில், வீட்டு புரோக்கரிடம். செம்பூர் பக்கம் வேண்டும் என்றாள். முதலில் கேட்டது வாடகை இல்லை. "லிஃப்ட் ஹை நா?" லிஃப்ட் உண்டுதானே என்றுதான் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

இறங்கி வந்தபோது கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். லேப்டாப்பிலேயே போடலாமாம், பேனா வேண்டாம்.

சொர்ணம் கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னை அதட்டி அதட்டிக் கேசரி செய்ய வைத்தாள். ரவை கட்டி கட்டியாக வந்தது. தட்டை என்னிடம் தராமல் தானே நீட்டினாள். "இந்தா, இசக்கி. சாப்புடு." செவ்வாய்க்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"நல்லாருக்கும்மா" என்றாள். பச்சைப் பொய்.

தின்றுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். லைப்ரரி இருக்கும் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் போட வேண்டுமாம். எழுதி, அழித்து, எழுதி. பிறகு என்னைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னாள். "இனிமே இத என்னால பாத்துக்க முடியாது. யாருக்காவது மனசிருந்தா எடுத்து நடத்துங்க. இதுவரைக்கும் சொன்ன தப்பெல்லாம் சரி பண்ணியாச்சு. எல்லாருக்கும் நன்றி."

தண்ணீர் வராத நாளைக்குச் சங்கத்தில் ஒட்டும் நோட்டீஸ் இதைவிடப் பெரிசு. அதைச் சொன்னேன். "இது போதும்பா" என்றாள்.

"அந்த வாத்தியாரு?" என்றேன்.

"வேற யாராவது பாப்பாங்க." கொஞ்சம் கழித்து, "பாக்கணும்" என்றாள்.

ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள். "சரியா இருக்கா, பாருங்க." இங்கிலீஷில் நான் என்னத்தைப் பார்க்க. மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தேன். ஸ்பெல்லிங் எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் விரல் அந்தப் பட்டன் மேல் இருந்தது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதானப்பா?"

சொர்ணம் அந்தப் பக்கம் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, செம்பூரில் மார்க்கெட் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிதான் தாயி" என்றேன்.

சொல்லாமல் எறிந்தது: எங்களுக்காகன்னா வேண்டாம்.