நடுவில் உட்கார்ந்தவள்

என் கணவர் கண்மூடிய வீடு என்பதால்தான் நான் கையெழுத்துப் போட மறுக்கிறேன் என்று எங்கள் அபிராமபுரம் அடுக்ககத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் காலமானது ஆஸ்பத்திரியில். இந்தக் கட்டடத்தை என்னைவிட அதிகமாகத் திட்டியவரும் அவர்தான்.

இன்று காலை மாடிப்படியில் ஈரக் காரையின் வாசனை. மழையில் மறுபடியும் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. உன் கல்லூரியின் பழைய கூடமும் இப்படித்தான் மணக்கும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

சாந்தோமில் கான்வென்ட் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. பொருளாதாரப் பேராசிரியை ஆனபின், உன் சோதனைகளை மேற்பார்வை பார்க்க என்னைக் கூப்பிடுவாய். "நீ நின்னா ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாடீ" என்பாய்.

மாணவிகள் சிவப்பு அல்லது நீலம் என்று எழுத வேண்டும். நீலத்துக்கு எப்படியும் ஒரு மிட்டாய். சிவப்புக்கு மூன்று, ஆனால் தன் கண்ணில் படுகிறவர்கள் எல்லோரும் சிவப்பு எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. வட்டமாக உட்கார வைத்து, இரு பக்கத்துப் பெண்களின் தாளை மட்டும் பார்த்துத் தன் பதிலை மாற்றி எழுதவிட்டாய். ஒருத்தியின் பயம் இருபுறமும் பரவி, கடைசியில் வட்டமே நீலமானது. பிறகு ஒருத்தியை நடுவில் போட்டு, மற்றவர்களை அவளை மட்டும் பார்க்கச் சொன்னாய். அவள் எதை எழுதினாலும் கூடமே அதை எழுதியது.

நாற்காலியை மாற்றினால் புத்தியும் மாறிவிடுமா என்று கேட்டேன்.

"புத்தி மாறலை. யாரு யாரைப் பாக்கறாங்கறது மாறிடுச்சு."

ஒரு முறை நடுவில் இருந்த பெண், மற்றவர்கள் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்தாள். எல்லாத் தாளும் வெள்ளையாகவே வந்தன. நல்ல வளர்ப்பு என்று நான் மெச்சினேன். நீ சிரித்தாய். "நடுவுல இருக்கறவ சும்மா இருந்தா அதுவும் ஒரு முடிவுதான்டீ."

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் வந்திருக்கிறார். எல்லா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் இல்லையென்றால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு இங்கே ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரோடு பேசுவதில்லை. எல்லாப் பேச்சும் சங்கச் செயலாளரான என் வழியாகத்தான். அவரவர் சுயமாக முடிவெடுக்கட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

வாசலில் இஸ்திரி போடும் ஏழுமலைதான் முகத்துக்கு நேரே கேட்டார். "இன்னாம்மா, நீ போட்டா அல்லாரும் போட்டுடுவாங்களாமே? வண்டிய எங்க தள்றதுன்னு நானும் பாக்கணும்ல?"

அன்று முதல் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. உன் வாக்கியம் குடைந்துகொண்டே இருக்கிறது. எனக்குச் சம்மதம்தான், அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் போட்டால் எல்லோரும் போடுவார்கள். அது அவர்களுடைய சம்மதம் ஆகுமா? போடாவிட்டால், முழங்கால் ஆபரேஷன் ஆன மூன்றாம் மாடி கோமதி லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தில் கீழே இறங்காமலே இருப்பாள்.

அவளிடம்தான் முதலில் போனேன்.

"நீங்க என்ன பண்றேளோ அதான் மாமி நானும்."

"உன் முழங்கால் எனக்கு இல்லை கோமதி."

"அப்போ யாரைக் கேக்கறது?"

"கீழ்வீட்டுக்காரரை."

"அந்த மனுஷனையா? தொட்டியில பல்லி விழுந்ததுக்கே என்னைத்தான் சொன்னார்."

"ஃபோன்ல பேசு. பல்லியை விட்டுட்டு, வீட்டைப் பத்திப் பேசு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் படி இறங்குவதற்குள் உள்ளே அவள் குரல் கேட்டது. "ஹலோ, மூணாவது மாடி பேசறேன்..." பிறகு, "ஆமாம், நான்தான்."

நின்று கேட்பது அழகில்லை. மற்றக் கதவுகளையும் தட்டி, எல்லோரிடமும் ஒன்றையே சொன்னேன்: என் முடிவைக் கேட்காதீர்கள். ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பதிலை எழுதித் தாருங்கள்.