காற்று புகாத குடா

நவம்பர் 4, திங்கள்

ஒரு மனிதன் கப்பலை விட்டு இறங்க இன்னும் எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்? பதினான்கு மாதமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பதில் தெரியவில்லை.

மஞ்சக்குப்பம் போய் கலெக்டர் அலுவலகத்தில் ஐந்தாவது மனுவைக் கொடுத்தேன். ரசீதோடு முதுநகர் போனேன். தம்பி மனைவி இசைவாணி அதை வாங்கி, பழைய நான்கு ரசீதுகளோடு சேர்த்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 6

விழித்ததும் போனில் அந்த வரைபடத்தைத்தான் திறக்கிறேன். வளைகுடா நாடு ஒன்றில் ஒரு குடா. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் மட்டும் கடல். சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் இடம். இரண்டு நாள், நான்கு நாள் — பிறகு போய்விடுகின்றன. தம்பி அன்பரசு இருக்கும் கப்பல் மட்டும் நகர்வதில்லை.

"எவ்ளோ பெரிய புயல் வந்தாலும் இங்க தண்ணி அசையாதுக்கா." முதல் வாரம் பெருமையாகச் சொன்னான்.

நவம்பர் 9

எழுதிவிடுகிறேன். இதுவரை எழுதாமல் இருந்தது கோழைத்தனம்.

முதலாளி கப்பலைக் கைவிட்டதும் அந்த ஊர் கோர்ட் அதைப் பிடித்து வைத்தது. ஆளில்லாமல் விடக்கூடாதாம். ஒருவர் காவலுக்குக் கையெழுத்துப் போட்டால் மற்ற ஏழு பேரும் ஊர் திரும்பலாம். அன்பரசு அந்தக் காகிதத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். எங்கள் குடும்பத்தில் எந்தக் காகிதமும் என்னிடம் வந்துவிட்டுத்தான் போகும்; நான்தானே சிதம்பரத்தில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நின்றபடியே படித்தேன். நான்காம் பத்தி: கப்பல் விற்பனையாகும் வரை, அல்லது வேறொருவர் அவர் இடத்தில் கையெழுத்திடும் வரை, இறங்கக்கூடாது. நன்றாகவே புரிந்தது. ஒரு மாதத்தில் விற்றுவிடுவார்கள் என்று நானாக முடிவு செய்தேன்.

"போடுடா. ஒரு மாசம்தான்."

மறுநாள் ஏழு பேரும் விமானம் ஏறினார்கள்.

நவம்பர் 13

ஜெனரேட்டர் நின்றுவிட்டது. படகில் யாராவது வந்தால் போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்கிறான். "எலிகூட எங்கியோ போயிடுச்சிக்கா. அதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தாங்கன்னு தெரியல." சிரித்தான். அழுகையே பரவாயில்லை.

நவம்பர் 14

விடாத மழை. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் புயல் அங்கே போகாதா? போனால் கப்பல் தரை தட்டும். அவனை இறக்கித்தானே ஆக வேண்டும்.

சாமி கும்பிடாதவள் — யாரிடம் இதைக் கேட்கிறேன்? அதுவும் எதை?

நவம்பர் 17, ஞாயிறு

அன்பரசு கூப்பிட்டான். குரலில் உயிர் இருந்தது.

"ஆள் கெடச்சிட்டாருக்கா! பரங்கிப்பேட்ட நூருல் அமீன். முன்ன என்கூட ஒரே கப்பல்ல இருந்தவரு. மூணு மாசம் காவல் வேலைன்னு சொல்லியிருக்கேன். ஒன்கிட்ட பேப்பரக் காட்டிட்டுதான் கையெழுத்துப் போடுவேங்குறாரு. சரின்னு மட்டும் சொல்லிடு."

"மூணு மாசம்னு யாருடா சொன்னது?"

"எனக்கு ஒரு மாசம்னு யாரு சொன்னா?"

பேச்சு அங்கேயே அறுந்தது. அவனா, நானா, முதலில் வைத்தது?

நவம்பர் 18

தூங்கவில்லை.

நவம்பர் 20, புதன்

நாளை பதினொரு மணிக்கு நூருல் அமீன் கல்லூரிக்கு வருகிறார். நான்காம் பத்தியை இரண்டு முறை படித்து, தமிழில் விளக்குவேன். பிறகு அவர் இஷ்டம். அன்பரசு ஆயுளுக்கும் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும். ஒரு தவறுக்கு இன்னொரு ஆளைப் பலி கொடுக்க மாட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மனைவி ஆசியா உம்மாளும் கூட. டப்பாவில் இறால் வறுவல்; அவர்தான் நீட்டினார். "ஒங்களுக்கு எறான்னா உசுருன்னு அன்பு சொன்னான் மேடம்."

காகிதத்தைப் பிரித்தேன். முதல் பத்தி, கப்பலின் விவரம். இரண்டாவது, சாப்பாடும் தண்ணீரும். மூன்றாவது, சம்பளம். ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அந்த அம்மாள் குறுக்கிட்டார். "அங்க காத்து, அலையெல்லாம் ஜாஸ்தியா இருக்குமாம்மா?"

"இல்லை. மூணு பக்கமும் மலை. பாதுகாப்பான இடம்."

"அல்ஹம்துலில்லாஹ்." முதல் முறையாக அந்த அம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் பக்கத்தைத் திருப்பி, ஐந்தாம் பத்தியிலிருந்து படித்தேன்.

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

என் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டார்.

மாலை முதுநகர் போனேன். இசைவாணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அவருகிட்ட என்ன அண்ணி சொன்னீங்க?"

படித்துக் காட்டினேன் என்றேன்.