வில்யார்மோசா யாத்திரிகர் விடுதியில் கால் முறிந்து கிடக்கும் என் மனைவிக்காக

அனுப்புபவர்:
செபமாலைமுத்து ஜெராட்,
பிளேஸ்டோ, கிழக்கு லண்டன்.

பெறுபவர்:
கொன்சல் ஜெனரல் அவர்கள்,
ஸ்பெயின் நாட்டுத் துணைத்தூதரகம், லண்டன்.

விடயம்: 31.10.2025 அன்று மூடப்படவுள்ள விடுதியில் நடக்க முடியாமல் இருக்கும் என் மனைவிக்குத் தங்குமிடமும் உணவும் வேண்டியும், அவரிடம் நான் போவதற்கு அவசர விசா வேண்டியும்.

மதிப்பிற்குரிய கொன்சல் ஜெனரல் அவர்களுக்கு,

ஆங்கிலம் ஓரளவு பேசுவேன். ஆனால் இப்படியொரு விடயத்தை எழுதத் தமிழ்தான் வருகிறது. என் மகள் டிலக்சனா செய்த மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. என் மனைவி மெற்றில்டா, வயது 59, பிரித்தானியப் பிரசை. இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, கடந்த ஜூலையில் ஓய்வு பெற்றார். உங்கள் நாட்டிலுள்ள அப்போஸ்தலர் சந்தியோகுமையோரின் கல்லறைவரை யாத்திரையாக நடந்து போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டுடன் இருப்பவன். "இஞ்சருங்கோ, இந்த வருசமாவது பிரசாவுரிமை ஃபோமை நிரப்புங்கோ" என்று அவர் ஒவ்வொரு வருடமும் சொன்னார். நான் நிரப்பவில்லை. அதனால் விசா இல்லாத நான் வீட்டில் நிற்க, அவர் தனியாகப் போனார். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

2. அக்டோபர் 6ஆம் திகதி பூர்கோஸ் நகரிலிருந்து நடக்கத் தொடங்கினார். 12ஆம் திகதி ஞாயிறு, உங்கள் நாட்டின் தேசிய தினம். அன்று அவர் போய்ச் சேர்ந்த கிராமத்தில் கடை பூட்டு. சாப்பாடு கிடைக்கும் ஒரே 'பார்' உணவகமும் பூட்டு. விடுதியில் கட்டில் இல்லை. ஒரு மண்டபத்தின் தரையில் படுத்தார். மறுநாளும் விடுமுறை. கையிலிருந்த பிஸ்கட்டை முடித்துக்கொண்டு, அடுத்த ஊரில் ஏதாவது இருக்கும் என்று பதினாறு கிலோமீற்றர் நடந்திருக்கிறார். வில்யார்மோசாவுக்குச் சற்று முன்னால், வயல்வெளியில் தலை சுற்றி வடிகாலுக்குள் விழுந்து, வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

3. அவரைக் கண்டு அம்புலன்ஸை அழைத்தவர் அந்த ஊர் யாத்திரிகர் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பிலார் என்ற அம்மா. வைத்தியசாலையில் நல்ல முறையில் சத்திரசிகிச்சை செய்து 17ஆம் திகதி விட்டார்கள். காலில் இரத்தம் உறைந்து கட்டியிருப்பதால் நவம்பர் 14 பரிசோதனைவரை விமானம் ஏறக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அதற்கு முன் அழைத்துவர முடியாது என்று காப்புறுதிக்காரரும் சொல்லிவிட்டார்கள். போக இடமில்லாமல், பிலார் அம்மா தன் பையை எடுத்து வைத்திருந்த அந்த விடுதிக்கே வந்தார்.

4. அங்கே ஒருவர் ஓர் இரவுதான் தங்கலாம். காலை எட்டு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும். பிலார் அம்மா விதியை மீறிக் கம்பளிகள் அடுக்கும் அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, பத்து நாளாக என் மனைவியை வைத்திருக்கிறார். தன் வீட்டுப் பருப்புச் சூப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார். கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போவதும் அவரே. தயவுசெய்து இதற்காக அவர்மேல் நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள்.

5. வரும் வெள்ளிக்கிழமை விடுதி குளிர்காலத்துக்கு மூடப்படுகிறது. தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பிலார் அம்மா மகன் வீட்டுக்குப் போகிறார். அந்த ஊரில் கடை இல்லை; பாண் விற்கும் வான் வண்டி வாரத்தில் மூன்று தரம் வந்து ஹோர்ன் அடிக்கும், அதுவரை நடந்து போக மனைவியால் ஏலாது. பக்கத்து ஊர்களில் ஒன்பது இடங்களுக்கு மகள் தொலைபேசி எடுத்தாள். சில மூடிவிட்டன, சிலவற்றில் அறைகள் மாடியில். மகள் எட்டு மாதக் கர்ப்பிணி; அவளைப் பயணம் செய்ய விடமாட்டார்கள். வேறு பிள்ளைகள் எங்களுக்கு இல்லை.

6. நேற்று மனைவியோடு கதைத்தேன். "நான் சாப்பிட்டிட்டன், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். என்ன சாப்பிட்டனீர் என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, "ஜெராட், எனக்குத் தனிய இருக்கப் பயமாயிருக்கு" என்றார். முப்பத்துநாலு வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

7. எனக்கு விசா விண்ணப்பத்துக்குக் கிடைத்திருக்கும் நாள் நவம்பர் 19. முறைப்படி கிடைத்த நாள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. திருமணப் பதிவு, வதிவுரிமை, வைத்தியசாலைக் கடிதம் அனைத்தும் கையில் உள்ளன. எத்தனை மணிக்கு அழைத்தாலும் வருவேன்.

8. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் நான் புறப்பட வழிசெய்யுமாறு மன்றாடுகிறேன். சட்டம் இடங்கொடாவிட்டால் என் விசாவை மறுத்துவிடுங்கள், நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அப்படியானாலும் அந்த மாகாண அதிகாரிகளோடு ஒருமுறை பேசி, என் மனைவியைப் படி ஏறத் தேவையில்லாத ஓர் அறைக்கு மாற்றி, நாளுக்கு ஒரு வேளையாவது சூடான சாப்பாடு கொடுக்கச் சொல்லுங்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

இடம்: பிளேஸ்டோ, லண்டன்
திகதி: 27.10.2025

உங்கள் பதிலுக்காகத் தொலைபேசியைக் கையில் வைத்தபடி இருக்கும்,
செ. ஜெராட்
(ஒப்பம்)